கல்லூரி சர்வரில் சொந்தப் பக்கம்: எங்கே சிக்கும், எப்படிச் சரிசெய்வது

மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பல்கலைக்கழகம் ஒதுக்கும் வெப் இடம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: லினக்ஸ் சர்வர், அதில் பக்கங்களை வாசகருக்கு அனுப்பும் அப்பாச்சி என்ற மென்பொருள், உங்கள் பெயரில் ஒரு ஹோம் ஃபோல்டர். முகவரியின் கடைசியில் ~ குறியும் அதை ஒட்டி உங்கள் லாகின் பெயரும் வரும். விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்தால் புரூஃபில் அந்த ~ ஹைஃபனாக மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர் சென்டரில் முதலிலேயே கேட்க வேண்டியவை: எத்தனை எம்பி இடம், பிஎச்பி (சர்வரிலேயே ஓடும் நிரல்மொழி) ஓடுமா, படிப்போ வேலையோ முடிந்தபின் கணக்கு எவ்வளவு நாள் இருக்கும், வெளியிலிருந்து நுழைய விபிஎன் (வளாக நெட்வொர்க்குக்குள் சேர்க்கும் பாதுகாப்பான இணைப்பு) வேண்டுமா. லேபில் இணைந்த கணக்கு தண்டையார்பேட்டை வீட்டிலிருந்து 'டைம்டு அவுட்' என்று நின்றால், பாஸ்வேர்டைச் சந்தேகிக்காமல் விபிஎன்னைப் பாருங்கள்.

ஃபைல்களை ஏற்றுவதற்கு ஃபைல்ஜில்லா அல்லது வின்எஸ்சிபி மென்பொருள் போதும். இணைப்பு முறை எஸ்எஃப்டிபி (மறையாக்கத்தோடு ஃபைல் அனுப்புவது), போர்ட் 22. பழைய எஃப்டிபி (போர்ட் 21) பாஸ்வேர்டை மறைக்காமலே அனுப்பும், அது வேண்டாம். டி.எச். ரோட்டு பிரவுசிங் சென்டரில் ஏற்றினால், எழுமுன் ஃபைல்ஜில்லாவின் எடிட் மெனுவில் 'கிளியர் பிரைவேட் டேட்டா' கொடுத்துவிட்டு எழுங்கள்.

ஹோமுக்குள் 'பப்ளிக்_ஹெச்டிஎம்எல்' என்ற ஃபோல்டர், எல்லாம் சின்ன எழுத்தில். அதற்குள் 'இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்'. இந்த இண்டெக்ஸ் இல்லாத ஃபோல்டரைத் திறந்தால், பல சர்வர்கள் உள்ளே இருக்கும் ஃபைல் பட்டியலை அப்படியே காட்டும். இன்டர்னல் மார்க் ஷீட்டை 'லிங்க் கொடுக்கவில்லையே' என்று நம்பி அங்கே வைக்கும் ஆசிரியர்கள் கவனிக்கவும்: கூகுள் அதையும் எடுத்துக்கொள்ளும்.

பக்கம் 403 (அனுமதி இல்லை) காட்டினால் பெரும்பாலும் பெர்மிஷன்தான், அதாவது ஃபைலை யார் என்ன செய்யலாம் என்று சொல்லும் மூன்று இலக்க எண். இலக்கங்கள் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்களுக்கு உரியவை. படிக்க 4, எழுத 2, ஃபோல்டருக்குள் நுழைய 1; இவற்றைக் கூட்டினால் ஓர் இலக்கம். அப்பாச்சி 'மற்றவர்' கணக்கில் வருகிறது. ஹோம் 700 என்றிருந்தால் வாசலிலேயே நின்றுவிடும், உள்ளே எல்லாம் சரியாக இருந்தாலும் பயனில்லை. ஹோமுக்கு 711, உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கு 755, ஃபைல்களுக்கு 644. ஃபைல்ஜில்லாவில் ரைட் கிளிக் செய்தால் எண்ணை மாற்றலாம். '777 போடு, எல்லாம் ஓடும்' என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அதே சர்வரில் கணக்குள்ள எவரும் உங்கள் பக்கத்தை மாற்றலாம். பிஎச்பியை உங்கள் பெயரிலேயே ஓட்டும் சர்வர்களில் 777 போட்டால் 500 (சர்வர் பிழை) தான் வரும்.

படம் வரவில்லை என்றால் பெயரைப் பாருங்கள். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. கேமரா பெரிய எழுத்தில் 'ஜேபிஜி' என்று வைத்த படத்தைப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அழைத்தால், வீட்டு லேப்டாப்பில் தெரிந்தது சர்வரில் 404 (ஃபைல் இல்லை) ஆகும். லிங்க் 'சி டிரைவ்' என்று தொடங்கினாலும் இதே கதை. பெயரில் இடைவெளியும் வேண்டாம். தமிழில் பெயர் வைப்பது தப்பில்லை, ஆனால் 'எண்ணூர்' என்ற நான்கெழுத்து, லிங்கை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் போடும்போது சதவீதக் குறிகளோடு 63 குறிகளாக நீளலாம். ஃபைல் பெயரை ஆங்கிலச் சின்ன எழுத்தில் வைத்து, தலைப்பைத் தமிழில் போடுங்கள்.

உள்ளே தமிழ் உடைந்து தெரிந்தால், ஃபைலை யுடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறை) ஆகச் சேமித்து, ஹெட் பகுதியின் முதல் வரியிலேயே அந்த முறையைப் பிரவுசருக்குச் சொல்லும் மெட்டா சார்செட் அறிவிப்பைப் போடுங்கள். முதல் 1024 பைட்டுக்குள் அது வந்தாக வேண்டும். அப்படியும் சரியாகவில்லையா? சர்வரே வேறு சார்செட்டை அறிவிக்கிறது என்று பொருள், அட்மினிடம் சொல்லுங்கள். டிடிபி கடையில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வாங்கிய கட்டுரையை அப்படியே ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றியபின் ஒட்டுங்கள்.

கணக்கு மூடுவதற்கு ஒரு மாதம் முன்பே முழு ஃபோல்டரையும் இறக்கி, வேறொரு கணினியில் திறந்து சோதியுங்கள். உள் லிங்குகளில் பல்கலை முகவரியை முழுதாக எழுதாமல் ஃபைல் பெயரை மட்டும் கொடுத்திருந்தால் புது இடத்திலும் அப்படியே ஓடும். பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் தானாக அனுப்பும் 301 திருப்பம் போட முடியுமா என்று அட்மினிடம் கேளுங்கள். மறுத்தால், மூடும்வரை முதல் பக்கத்தில் புது முகவரியைப் பெரிதாக எழுதி வையுங்கள்.