துணி துவைக்கும்போது நுண்நெகிழி உதிர்வதைக் குறைக்கும் முறைகள்

5 மில்லிமீட்டருக்கும் சிறிய நெகிழித் துகள்களை நுண்நெகிழி என்கிறோம். வீசியெறிந்த பைகளும் புட்டிகளும் வெயிலில் நொறுங்கி அவை உண்டாவதைப் பலர் அறிவார்கள். ஆனால் நெகிழி வகைச் செயற்கை இழைகளால் ஆன பாலியஸ்டர், நைலான், அக்ரிலிக் ஆடைகளும் ஒவ்வொரு சலவையிலும் நுண்ணிய இழைகளை உதிர்க்கின்றன. 6 கிலோ அக்ரிலிக் துணியை இயந்திரத்தில் ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் அதிகமான இழைகள் வெளியேறக்கூடும் என்று பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கணக்கிட்டனர். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இவற்றில் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகின்றன என்பது உண்மையே. எனினும் பிடிபட்டவை கசடில் தங்குகின்றன. அந்தக் கசடு உரமாகப் போகும் இடங்களில் இழைகளும் வயலைச் சேர்கின்றன. ஆகவே உதிர்வதை வீட்டிலேயே குறைப்பதுதான் முதல் வேலை.

முதலில், அடிக்கடி துவைப்பதை நிறுத்துங்கள். வியர்வை படாத மேலாடையைக் காற்றாட உலர்த்தி மீண்டும் அணியலாம். துவைக்கும்போது இயந்திரத்தை, அதன் அளவை மீறாமல், நிறைய நிரப்புங்கள்; துணி குறைந்து தண்ணீர் மிகுந்தால் இழைகள் கூடுதலாகக் கழன்று போகும். மென்மையான துணிகளுக்கென இயந்திரத்தில் இருக்கும் சுழற்சி பாதுகாப்பானது என்று தோன்றும்; ஆனால் அது அதிகத் தண்ணீரைப் பயன்படுத்துவதால் வழக்கமான சுழற்சியைவிட அதிக இழைகளை உதிர்க்கிறது என்று பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வு 2019-இல் காட்டியது. அவ்வளவு மென்மை தேவைப்படாத துணிக்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். குளிர்ந்த நீரும் குறுகிய நேரமும் போதும். கனமான ஜீன்ஸ், துண்டு போன்றவை செயற்கை இழைத் துணிகளோடு உராயும் என்பதால் அவற்றைத் தனியே துவைப்பது நல்லது.

அடுத்தது வடிகட்டி. இயந்திரத்தின் கழிவுநீர்க் குழாயில் பொருத்தும் வடிகட்டிகளும், துணிகளை உள்ளே இட்டுத் துவைக்கும் நுண்வலைப் பைகளும் கிடைக்கின்றன. அவை இழைகளின் ஒரு பகுதியைப் பிடிக்கும், எல்லாவற்றையும் அல்ல. பலர் தவறுவது சுத்தம் செய்யும்போதுதான்: வடிகட்டியைக் குழாயடியில் அலசினால், பிடித்த இழைகள் அனைத்தும் அதே சாக்கடைக்குப் போய்விடும். சேர்ந்த பஞ்சை விரலாலோ காகிதத்தாலோ வழித்தெடுத்து, மடித்து, உலர் குப்பையில் இடுங்கள். உரக்குழியில் இட வேண்டாம். உலர்த்தும் இயந்திரத்தின் வலையில் சேரும் பஞ்சுக்கும் இதுவே முறை. முடிந்தால் அந்த இயந்திரத்தைத் தவிர்த்துக் கொடியில் உலர்த்துங்கள், ஏனெனில் அதன் காற்றுப்போக்கி வழியாகவும் இழைகள் வெளியேறுகின்றன.

புதிய ஆடை முதல் சில சலவைகளில்தான் மிக அதிகமாக உதிர்க்கும். எனவே இருப்பதைத் தைத்துப் பயன்படுத்துவது, புதிதாக வாங்குவதைவிடப் பெரும்பாலும் மேலானது. பழைய புட்டிகளை உருக்கிச் செய்த பாலியஸ்டர் என்று விற்கப்படும் ஆடையும் இதில் விதிவிலக்கல்ல. மறுசுழற்சி செய்த நூல் என்பதற்காக அது இழை உதிர்க்காமல் இருப்பதில்லை.