மனநல மீட்புக் குழுவுக்குக் களிமண் பட்டறை: முதல் கிண்ணம் உடையாமல் சூளைக்குப் போக

மனநலப் பகல்நேர மையத்தில் களிமண் வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்கான குறிப்பு இது. மண் பிசையத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஓவியத்துக்கு முன் களிமண்ணைத்தான் சொல்வேன். பிடிக்கவில்லையென்றால் நசுக்கி உருட்டி மறுபடி தொடங்கலாம்; வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு கை ஓடாமல் உட்கார வேண்டியதில்லை.

எட்டுப் பேர், இரண்டு உதவியாளர்கள், ஒன்றரை மணி நேரம் போதும். காலை 9 மணிக்கு வைக்காதீர்கள், இரவு மாத்திரையின் அசதி பலருக்கு விட்டிருக்காது. 11 மணி சரியாக வரும். மனநிலையைச் சீராக வைக்கத் தரும் லித்தியம் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கை லேசாக நடுங்கலாம் என்பதால் நுணுக்கமாகக் கீறும் வேலை முதல் நாளில் வேண்டாம். சில மாத்திரைகளால் கால் ஓரிடத்தில் நிற்காது, எழுந்து நடப்பார்கள். உட்காரச் சொல்லி வற்புறுத்தாமல், நின்றபடி வேலை செய்ய உயரமான மேசை ஒன்று போடுங்கள். வாய் வறட்சி இருக்கும்; குடிதண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

மண்ணைக் குயவரிடம் கல் நீக்கிப் பிசைந்ததாக வாங்குங்கள். சுட்டுத் தருவாரா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஆளுக்கு முக்கால் கிலோ, மண்கூழுக்கும் கைப்பிடி ஒட்டுவதற்கும் சேர்த்து மொத்தம் 10 கிலோ. கடையில் விற்கும் காற்றில் உலரும் மண் விலை அதிகம், விரிசலும் சீக்கிரம் விடும், எனக்குப் பிடிக்காது. கருவிகளுக்கு ஐஸ் குச்சி, பழைய ஏடிஎம் கார்டு, முள்கரண்டி போதும். மண் அறுக்கும் கம்பி பயிற்சியாளர் கையை விட்டுப் போகக் கூடாது. முள்கரண்டிகளைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் எண்ணுங்கள்.

இனி கிண்ணம். ஆரஞ்சுப்பழ அளவு உருண்டையில் கட்டைவிரலை இறக்குங்கள், அடியில் ஒரு செ.மீ. விட்டுவிடுங்கள். சுற்றிச் சுற்றிக் கிள்ளிச் சுவரை எழுப்புங்கள். சுவர் 8 மி.மீ.க்குக் குறைந்தால் தொய்யும்.

பெரும்பாலான கிண்ணங்கள் கெடுவது தண்ணீரால். விளிம்பில் வெடிப்பு தெரிந்ததும் கை தானாகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போகும். நனைய நனைய மண் இளகி உட்கார்ந்துவிடும், காயும்போது இன்னும் அதிகமாகச் சுருங்கி வெடிக்கும். மேசையில் தண்ணீர்க் கிண்ணமே வேண்டாம். ஈரமான ஸ்பான்ஜ் துண்டு ஒன்று ஆளுக்கு வையுங்கள். விரலை அதில் ஒற்றி வெடிப்பைத் தேய்த்தால் மூடிவிடும்.

இரண்டாவது அமர்வில் கைப்பிடி. ஒட்டும் இரு பக்கமும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தோசை மாவுப் பதத்தில் கரைத்த மண்கூழ் தடவி, லேசாக அசைத்து அழுத்துங்கள். மூட்டைச் சுற்றி நூல்போல உருட்டிய மண்ணை வைத்துத் தேய்த்துவிடுங்கள். கிண்ணம் காய்ந்து கைப்பிடி ஈரமாக இருந்தால் எப்படி ஒட்டினாலும் கழன்று விழும். அதனால் முதல் அமர்வு முடிந்ததும் கிண்ணங்களை ஈரத்துணியில் சுற்றி பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

நடுவில் யாராவது செய்ததை நசுக்கிப்போட்டால் பதறாதீர்கள், இன்னொரு உருண்டை கொடுங்கள். ஒருவரைப் பார்த்து "ரொம்ப அழகா இருக்கு" என்றால் அடுத்தவர் தன்னுடையதைத் திருப்பி வைப்பார். "இந்த விளிம்பை எப்படிண்ணே மடிச்சீங்க?" என்று கேட்டால் பேச்சு வேலையைப் பற்றியே நடக்கும். உருவத்துக்கு அர்த்தம் சொல்லாதீர்கள். இங்கிலாந்தின் நெதர்ன் மனநல மருத்துவமனையில் 1946இல் ஓவியக்கூடம் தொடங்கிய எட்வர்ட் ஆடம்சன்கூட இடமும் பொருளும் கொடுத்து ஒதுங்கியிருந்தவர்தான். யாருக்காவது மனம் கலங்கினால் உதவியாளர் ஒருவர் வெளியே கூட்டிப்போய் உடன் இருக்கட்டும், மையத்தின் ஆலோசகருக்கும் சொல்லிவிடுங்கள். மருந்துக்கு மாற்றாக இதைச் சொல்லவே கூடாது. வீட்டில் அவசரமென்றால் அழைக்க, அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

முடிந்ததும் மேசையை ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்க வேண்டாம். உலர்ந்த மண்தூசி நுரையீரலுக்கு ஆகாது. கைகழுவிய தண்ணீரை வாளியில் தெளியவிட்டு ஊற்றாவிட்டால் சாக்கடைக் குழாய் அடைத்துக்கொள்ளும்.

உலர்த்துவது நிழலில், மின்விசிறிக்குக் கீழே கூடாது. இரண்டு நாள் செய்தித்தாள் போர்த்தி, பிறகு திறந்து ஒரு வாரம். கைப்பிடி முந்திக் காயும், அதன்மேல் மட்டும் ஈரத்துணி போடுங்கள். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும்வரை உள்ளே ஈரம் உண்டு. அதைச் சூளையில் வைத்தால் ஈரம் ஆவியாகித் தெறிக்கும், பக்கத்துக் கிண்ணத்தையும் சேர்த்து உடைக்கும். யானை மாதிரி கனமான உருவங்களை அடியில் குடைந்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: மழைக்காலத்தில் உலர எத்தனை நாள் என்று கேட்கிறார்கள். நாள் கணக்கு வேண்டாம், கன்னத்தை நம்புங்கள். மூன்று வாரமும் ஆகலாம். செய்ததைக் கண்காட்சி வைக்கும்போது எடுக்கும் படங்கள் பற்றியும் கேள்வி வந்தது. சிகிச்சையில் இருப்பவரின் ஒப்புதல் இல்லாமல் அவர் படத்தை ஊடகத்துக்குத் தரக்கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். முகநூலுக்கும் அதே கட்டுப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தை மட்டும் படமெடுப்பதானாலும் செய்தவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.