மாட்ரிட்டில் ஓவியமும் உணவும்: குடும்பமாகச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாட்ரிட் நகரத்துக்குக் குழந்தை குட்டிகளோடு செல்பவர்கள் படும் சிரமங்களில் பெரும்பாலானவை, அருங்காட்சியகங்களுக்கு ஒரு திட்டமும் சாப்பாட்டுக்கு வேறொரு திட்டமும் வகுப்பதால் வருபவை. அந்த ஊரில் மதிய உணவு இரண்டு மணிவாக்கில்தான் சூடு பிடிக்கும். இரவு உணவுக்கு ஒன்பது மணியாவது ஆகும். பன்னிரண்டரை மணிக்கே பசித்து வெளியே வரும் குடும்பத்துக்கு நல்ல உணவகங்களின் அடுப்பு எரியாது. வாசலில் வண்ணப் படங்களோடு பலகை வைத்து நாள் முழுவதும் பாயெல்லா என்னும் அரிசி உணவு விற்கும் கடைகளே கண்ணில் படும். பாயெல்லா வலென்சியா பகுதியின் உணவு. அதை மாட்ரிட்டில், அதுவும் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்து உண்பதில் எந்தப் பொருளும் இல்லை.

பிராடோ அருங்காட்சியகம் காலை பத்து மணிக்குத் திறக்கும். திறந்தவுடன் நுழைந்து இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, பக்கத்துத் தெருக்களில் ஏதாவதொரு பாரில் ஆளுக்கொரு துண்டு தோர்தியா (உருளைக்கிழங்கு சேர்த்த முட்டை அடை) சாப்பிட்டுப் பசியாற்றிக்கொண்டு, இரண்டு மணிக்கு முறையான மதிய உணவுக்கு அமர்வதே உகந்த வரிசை. வேலை நாள்களில் பல உணவகங்கள் தரும் 'மெனு தெல் தியா' என்னும் அன்றைய சாப்பாட்டில், இரண்டு சுற்று உணவும், ரொட்டியும், பானமும், இனிப்பு அல்லது காப்பியும் ஒரே விலைக்குள் அடங்கிவிடும். அதே உணவகத்தில் இரவில் தனித்தனியாகக் கேட்டு வாங்கினால் செலவு கூடும். ஆகவே வயிறார உண்பதை மதியத்துக்கும், கொறிப்பதை இரவுக்கும் வைத்துக்கொள்வது பணப்பைக்கும் பிள்ளைகளின் தூக்கத்துக்கும் நல்லது. தண்ணீர்ப் புட்டிக்குக் காசு கொடுக்கவும் தேவையில்லை. கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2022இல் சட்டமே வந்துவிட்டது.

பிராடோவை ஒரே மூச்சில் முழுவதும் பார்த்துவிட முனைவது அடுத்த தவறு. கூட்டம் தள்ளத் தள்ள நகரும் கோயில் வரிசையைப்போல ஓவியங்களைக் கடந்து போவதைவிட, நான்கைந்து படங்களின் முன்னால் உட்கார்ந்து பார்ப்பது மேல். 1656இல் வெலாஸ்கஸ் தீட்டிய 'லாஸ் மெனினாஸ்' பிள்ளைகளுக்கென்றே அமைந்த புதிர் எனலாம். நடுவில் ஐந்து வயது இளவரசி மார்கரீத்தா. இடப்பக்கம் தூரிகையோடு ஓவியரே நிற்கிறார். பின்சுவரின் சிறிய கண்ணாடியில் அரசரும் அரசியும் மங்கலாகத் தெரிகிறார்கள். வலப்பக்கம் ஒரு சிறுவன் படுத்திருக்கும் நாயைக் காலால் சீண்டுகிறான். ஓவியரின் மார்பில் உள்ள சிவப்புச் சிலுவை பின்னால் சேர்க்கப்பட்டது, ஏனெனில் அது குறிக்கும் சந்தியாகோ வீரர் பட்டம் அவருக்கு 1659இல்தான் கிடைத்தது. இவ்வளவையும் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்க விட்டால் அரை மணி நேரம் போவதே தெரியாது. கோயாவின் 'கறுப்பு ஓவியங்கள்' உள்ள அறை அப்படியல்ல. தன் மகனையே தின்னும் ரோமானியத் தெய்வம் சாத்தர்ன் அங்கேதான் இருக்கிறான். சிறு பிள்ளைகளை முன்னறிவிப்பின்றி அழைத்துச் சென்றால் இரவில் தூங்க வைப்பது பெற்றோரின் பாடு. பிராடோவுக்குள் படமெடுக்க அனுமதி இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இலவச நேரத்துக்காகக் காத்திருப்பதும் குடும்பங்களுக்கு அவ்வளவாகக் கைகொடுக்காது. பிராடோவில் திங்கள் முதல் சனி வரை மாலை ஆறு முதல் எட்டு வரையும், ஞாயிறன்று ஐந்து முதல் ஏழு வரையும் கட்டணம் கிடையாது. ஆனால் வரிசை நீளும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு எந்நேரமும் இலவசம் என்பதால் மிச்சமாவது பெரியவர்களின் சீட்டுக் காசு மட்டுமே. அதற்காகக் களைத்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது வீண் சிக்கனம் என்பது என் கருத்து.

ரெய்னா சோபியா அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும். இதைக் கவனிக்காமல் கடைசி நாளை அதற்கென ஒதுக்கி, 'குவெர்னிகா'வைப் பார்க்காமலே விமானம் ஏறுகிறவர்கள் உண்டு. குண்டுவீச்சில் அழிந்த பாஸ்க் ஊருக்காக 1937இல் பிக்காசோ வரைந்த அந்த ஓவியம், நியூயார்க்கில் பல்லாண்டுகள் இருந்துவிட்டு 1981இல் ஸ்பெயினுக்கு வந்தது. ஏறத்தாழ எட்டு மீட்டர் அகலம். கறுப்பு, வெள்ளை, சாம்பல் தவிர வேறு நிறம் இல்லை. முதலில் தள்ளி நின்று முழுவதையும் பார்த்துவிட்டுப் பிறகு நெருங்கினால், கீழே முறிந்த வாளைப் பிடித்த கையருகே ஒரு சிறு பூ இருப்பது தெரியும்.

சைவ உணவுக்காரர்கள் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. ஹாமோன் எனப்படும் பன்றித் தொடைக்கறியையும் சூரை மீனையும் தனித்தனியே பெயர் சொல்லி மறுக்க வேண்டும். கலவைச் சாலட்டில் சூரை மீன் இருக்கும். சல்மொரேஹோ என்னும் குளிர்ந்த தக்காளிச் சாற்றின் மேல் ஹாமோன் தூவி வரும். ஊரின் பெயர் தாங்கிய கொசீதோ என்னும் குழம்பில் கொண்டைக்கடலை இருந்தாலும் அது மாட்டிறைச்சியோடும் பன்றி இறைச்சியோடும் வெந்தது. பொரித்த பத்ரோன் மிளகாயும் காஸ்பாச்சோ என்னும் குளிர்ந்த காய்கறிச் சாறும் நம்பி உண்ணத் தக்கவை. முட்டை உண்பவர்களுக்குத் தோர்தியா எங்கும் கிடைக்கும். மாவு, தண்ணீர், உப்பு மட்டும் சேர்த்துப் பிழிந்து பொரிக்கும் சுர்ரோ பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 1894 முதல் நடக்கும் சான் ஹினேஸ் கடையில் அதைக் கெட்டியான சூடான சாக்லேட்டில் தோய்த்துத் தின்னலாம். சோறும் பருப்பும் இல்லாமல் முடியாது என்னும் நிலை வந்தால், ரெய்னா சோபியாவிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள லவாப்பியேஸ் பகுதியில் இந்திய, வங்கதேச உணவகங்கள் இருக்கின்றன.

1916இல் எழுந்த இரும்புக் கட்டடமான சான் மிகேல் சந்தையைக் கண்ணாரப் பார்க்கலாம். குடும்பமே வயிறு நிரம்ப உண்ணும் இடமாக அதை எண்ணினால் செலவு எகிறிவிடும். உள்ளூர்க்காரர்கள் மீனும் காய்கறியும் வாங்கும் சந்தையைப் பார்க்க விரும்புவோர் அந்தோன் மார்த்தின் சந்தைக்குச் செல்லலாம், ஞாயிற்றுக்கிழமை தவிர.