டெக்சாஸ் பற்றிக் கேள்வி எடுப்பவர்கள் வழுக்கும் இடங்கள்

வினாடி வினா நடத்தக் கிளம்பியிருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் தன் கேள்வித்தாளை அனுப்பியிருந்தார். டெக்சாஸ் பக்கத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய அதே அபத்தங்கள், கிட்டத்தட்ட அதே வரிசையில். தலைநகரம் ஹூஸ்டனா ஆஸ்டினா என்கிற ரகக் குழப்பங்களை விட்டுவிடுகிறேன். வரைபடத்தை ஒரு தடவை பார்த்தாலே அது தெளிந்துவிடும்.

"விரும்பினால் பிரிந்து போகலாம்"

என் கையைச் சுட்ட கேள்வி இது. "அமெரிக்காவிலிருந்து பிரிந்து போகச் சட்டப்படி உரிமையுள்ள ஒரே மாநிலம் எது?" ஒரு கல்லூரியில் இறுதிச் சுற்று, கடைசிக் கேள்வி. டெக்சாஸ் என்று சொன்ன அணிக்கு மதிப்பெண் போட்டு, கோப்பையையும் கொடுத்தாயிற்று. தோற்ற அணியிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், அப்போ 1869 தீர்ப்பு?" என்றாள். அப்படி ஒரு தீர்ப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. அரைமணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு, இரண்டு அணிக்கும் முதல் பரிசு என்று சொல்லி, அதற்குப் போதாமல் போன பணத்தை என் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கேள்வியை இன்றும் யார் தாளில் பார்த்தாலும் எரிச்சல் வருகிறது.

விஷயம் இதுதான். 1836ல் மெக்சிகோவை உதறிவிட்டுத் தனிக் குடியரசான டெக்சாஸ், 1845ல் அமெரிக்காவோடு சேர்ந்தது. அதன் நிலத்திலிருந்து இன்னும் நான்கு மாநிலங்கள் வரை உருவாக்கலாம் என்று இணைப்புத் தீர்மானத்தில் ஒரு வரி உண்டு. 'ஐந்தாகப் பிரியலாம்' என்பது வாய்மாறி வாய்மாறி 'பிரிந்து போகலாம்' ஆகிவிட்டது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் நமக்கு இன்னும் வசதி!

1861ல் டெக்சாஸ் பிரிந்தும் பார்த்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் அந்த மாநில அரசு விற்றுவிட்ட அமெரிக்கக் கடன் பத்திரங்களைத் திரும்பக் கேட்டு, போர் முடிந்தபின் வழக்குப் போட்டது. பிரிந்து போன டெக்சாஸ் ஒரு மாநிலமாக வழக்குப் போட முடியுமா என்ற கேள்வி எழுந்தது. பிரிவினைத் தீர்மானமே செல்லாது, அது எப்போதும் மாநிலமாகத்தான் இருந்தது என்று 1869ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு பத்திர வழக்கில் வந்த பதில். கேள்வியாக்க வேண்டியது இதைத்தான்.

"தேசியக் கொடிக்குச் சமமான உயரத்தில் பறக்கும் ஒரே மாநிலக் கொடி"

டெக்சாஸ் கொடி மட்டுமல்ல, எல்லா மாநிலக் கொடியும் அப்படிப் பறக்கலாம்.

"மிகப் பெரிய மாநிலம்"

டெக்சாஸ் இல்லை. அதைவிடப் பெரிய அலாஸ்கா 1959லேயே மாநிலமாக வந்தாயிற்று.

ஜூன் 19

"1865 ஜூன் 19ல் அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தது" என்று எழுதாதீர்கள். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1லேயே வந்துவிட்டது. இரண்டரை வருஷம் கழித்து டெக்சாஸின் கால்வெஸ்டனில் படைத்தளபதி ஒருவரின் ஆணையாக அறிவிக்கப்பட்ட நாள்தான் ஜூன் 19. நாடு முழுக்க ஒழிந்தது அந்த வருஷம் டிசம்பரில், 13வது அரசியல் சட்டத் திருத்தத்தால். அந்த இரண்டரை வருஷத் தாமதத்தைக் கேளுங்கள், அரங்கம் அமைதியாகிவிடும்.

'டெக்சாஸ் முழுக்க' என்ற சொல்

இந்தச் சொல்லைக் கேள்வியில் போடுமுன் யோசியுங்கள். மேற்குக் கோடியில் எல் பாசோ என்று ஓர் ஊர். அங்கே கடிகாரம் ஹூஸ்டனைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். மாநிலத்தின் பெரும்பகுதிக்குத் தனி மின்தொகுப்பு (மின்சார வலையமைப்பு) உண்டே, அதிலும் எல் பாசோ சேராது. நேர்கோட்டில் அளந்தால் ஹூஸ்டனைவிடக் கலிபோர்னியாவின் சான் டியேகோதான் அதற்குப் பக்கம்.

டாக்டர் பெப்பர்

இந்தக் குளிர்பானம் பிறந்தது 1885ல், டெக்சாஸின் வேகோ நகரத்தில். பெயர்க் காரணத்தை மட்டும் கேட்காதீர்கள். ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எல்லோருக்கும் மதிப்பெண் போட வேண்டிவரும்.