பழைய எம்ஜிபி இஞ்சினுக்கு சாமான் வாங்கும்போதும் மாட்டும்போதும் செய்யக்கூடாத தப்புங்க

நம்ம சுங்கை சிப்புட் பக்கம் எம்ஜிபி மாதிரி பழைய ஸ்போர்ட்ஸ் காடி வச்சிருக்கவங்க ரொம்ப கம்மி, ஆனா இருக்கறவங்கள்ல முக்காவாசி பேரு செய்யற தப்பு ஒண்ணுதான்: இஞ்சின திறக்கறதுக்கு முன்னாடியே சாமானுக்கு ஆர்டர் போட்டுடறது. நானும் செஞ்சேன். என்னுது 1966 காடி, சூடு ஏறினதும் ஐடில்ல ஆயில் பிரஷர் பத்து பிஎஸ்ஐக்கும் கீழ இறங்கிரும், சரி பேரிங்தான் தேஞ்சிருச்சுன்னு வருஷத்த மட்டும் சொல்லி இங்கிலாந்துல இருந்து இஞ்சினுக்குள்ள சுத்தற கிராங்க் தண்டுக்கான ஸ்டாண்டர்ட் சைஸ் மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங் ரெண்டையும் வரவழைச்சிட்டேன். அப்புறம் சம்ப்ப, அதாவது இஞ்சின் அடியில இருக்கற ஆயில் தொட்டிய, இறக்கி ஒரு பழைய ஷெல்ல, அதாவது பேரிங்கோட பாதித் தகட்ட, உருவி துணியால தொடச்சு திருப்பிப் பார்த்தா, முதுகுல சின்னதா 020ன்னு குத்தியிருக்கு.

அதுக்கு அர்த்தம் என்னன்னா, எனக்கு முன்னாடி எவரோ கிராங்க்க இருபது தௌ (ஒரு தௌன்னா இஞ்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு), அதாவது அரை மில்லி, கடைஞ்சு சின்னதாக்கிட்டாங்க. அதுல ஸ்டாண்டர்ட் ஷெல்ல போட்டா அந்த அரை மில்லியும் ஆட்டந்தான், இஞ்சின் ஒரு நாள் கூட தாங்காது. வாங்கின செட்டு ரெண்டும் இன்னும் பெட்டியோட அலமாரியிலதான் கிடக்கு.

அதனால வருஷத்த நம்பாதீங்க. 1962ல வந்த எம்ஜிபி இஞ்சினுக்கு மெயின் பேரிங் மூணுதான், 1964 கடைசியிலதான் அஞ்சா மாத்தினாங்க, ரெண்டும் 1798 சிசிதான், ஆனா கிராங்க்கும் பேரிங்கும் ஒண்ணுக்கொண்ணு சேராது. பிளாக்குல ஒரு தகடு அடிச்சிருக்கும் பாருங்க, 18ஜி இல்ல 18ஜிஏன்னு ஆரம்பிச்சா மூணு பேரிங், 18ஜிபின்னா அஞ்சு. அறுபது வருஷமா ஓடற காடியில இஞ்சின் மாறியே இருக்காதுன்னு யாரால சொல்ல முடியும்? அப்படியே அந்த நம்பரும் கிராண்டுல, அதாவது காடியோட பதிவுப் பத்திரத்துல, உள்ள நம்பரும் ஒண்ணான்னு பார்த்துக்கங்க, இல்லன்னா நாளைக்கு சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில பெரிய தலைவலி.

திறந்தாச்சா, அளங்க. கண்ணால பார்த்து "நல்லாதான் இருக்கு"ன்னு சொல்ற போமன் (மெக்கானிக்) கிட்ட குடுக்காதீங்க, மைக்ரோமீட்டர் வச்சிருக்கற போரிங் கடை ஈப்போவுல இருக்கு, அங்க கொண்டு போய் ஒவ்வொரு ஜர்னலையும், அதாவது கிராங்க்குல பேரிங் உக்கார்ற இடத்த, ரெண்டு பக்கமா அளக்கச் சொல்லுங்க, ஏன்னா தேயறப்போ அது வட்டமா தேயாது, முட்டை மாதிரி ஆயிரும். கடைஞ்சு முடிச்ச பிறகுதான் பேரிங் சைஸே தெரியும், பிஸ்டனும் அதே கதைதான், போர் பண்ணி எந்த ஓவர்சைஸ் வேணும்னு கடைக்காரரு சொன்ன பிறகு வாங்குங்க. கடைஞ்ச சாமான வீட்டுக்கு கொண்டு வந்தா உடனே ஆயில் தடவி பிளாஸ்டிக்ல சுத்தி வைங்க, நம்ம ஊரு ஈரத்துல வெறும் இரும்பு ஒரே ராத்திரியில துரு பிடிச்சிரும்.

புது பேரிங் வந்ததும் அப்படியே முறுக்கிடாம பிளாஸ்டிகேஜ் போட்டுப் பாருங்க. மெழுகு நூல் மாதிரி மெல்லிசா இருக்கும், ஒரு துண்டு வெட்டி ஜர்னல் மேல வச்சு, பேரிங் மூடியான கேப்ப டார்க் ரெஞ்சால முறுக்கணும், அந்த நேரத்துல கிராங்க்க சுத்தவே கூடாது, திரும்ப கழட்டினா நூல் நசுங்கி பட்டையா கிடக்கும், அந்த அகலத்த கவர்ல போட்டிருக்கற அளவோட வச்சுப் பார்த்தா இடைவெளி தெரிஞ்சிரும். ஒரு தௌல இருந்து ரெண்டரை தௌக்குள்ள இருந்தா நிம்மதி.

போல்ட்டு விஷயம் சின்னதுன்னு நினைக்காதீங்க. இஞ்சின்ல இருக்கறதெல்லாம் இஞ்ச் மரை. ஒரு நட்டு தொலைஞ்சா பட்டணத்து ஹார்ட்வேர் கடையில எட்டு மில்லி வாங்கி முறுக்கறாங்க, முதல் ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் இறுகும், சரியா பிடிச்சிருச்சுன்னு தோணும், ஆனா உள்ள மரைய தின்னுட்டு இருக்கும். ஸ்பேனரும் அப்படித்தான், அரை இஞ்ச் தலைக்கு பதிமூணு மில்லிய போட்டா மூலை வழுக்கிரும். சம்ப்புக்கு சிலிகான அள்ளிப் பூசறதும் வேணாம், பிதுங்கி உள்ள விழற துண்டு ஆயில் வலையில போய் அடைச்சுக்கும்.

வால்வுகள திறக்க வைக்கற கேம் ஷாஃப்ட் புதுசா போட்டா, அது மேல உரசற டாப்பெட்டும் புதுசுதான் போடணும், காசு மிச்சம் பிடிக்கறேன்னு பழச போட்டா புது கேம்ம அரிச்சிரும். எஸ்யூ கார்புரேட்டர் ரெண்டையும் ஒரே தட்டுல கழட்டிப் போட்டு கழுவாதீங்க, பிஸ்டனும் மேல் மூடியும் ஜோடி பார்த்து செஞ்சது, மாறிப் போனா சிக்கும். டிஸ்ட்ரிபியூட்டர்ல இருக்கற ரோட்டர் ஆர்ம், கண்டென்சர் ரெண்டும் இப்ப வர்ற மலிவு சரக்கு ரொம்ப மோசம், புதுசு மாட்டின மறுவாரமே ரோட்டுல நின்னுடும், அதனால ஓடிட்டிருந்த பழச தூக்கிப் போடாம டேஷ்போர்டுல வைங்க. 500 வெள்ளிக்கு உள்பட்டதுன்னாலும் 2024ல இருந்து வெளிநாட்டு ஆன்லைன் சாமானுக்கு பத்து விழுக்காடு வரி இருக்கு, அதையும் சேர்த்து கணக்கு போடுங்க.

"தம்பி, நம்ம ஊரு சூட்டுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு, கழட்டி வீசு"ன்னு எனக்கும் ஒரு போமன் சொன்னாரு. கேக்காதீங்க, அது இல்லாம ஓடினா இஞ்சின் சரியான சூட்டுக்கே வராம உள்ள தேஞ்சிட்டே இருக்கும். சூடான நாட்டுக்குன்னே 74 டிகிரி தெர்மோஸ்டாட் இருக்கு, அத போடுங்க.

எல்லாம் மாட்டி முடிச்சதும் ஆசையில உடனே ஸ்டார்ட் பண்ணிடாதீங்க. பிளக்கு நாலையும் கழட்டிட்டு, ஆயில் பிரஷர் முள்ளு ஏறுற வரைக்கும் ஸ்டார்ட்டர்ல சுத்துங்க, இடையில விட்டு விட்டு, மோட்டார் சூடாகாம. முள்ளு ஏறின பிறகு பிளக்க மாட்டி ஸ்டார்ட் பண்ணி, கேம் புதுசுன்னா ஐடில்ல விடாம ரெண்டாயிரம் ஆர்பிஎம்ல இருபது நிமிஷம் ஓட விடுங்க, பக்கத்துல ஒரு ஆள் கேஜ பார்த்துக்கிட்டே நிக்கட்டும். மறுநாள் காலையில இஞ்சின் ஆறினதும் ஹெட் நட்டுங்கள நடுவுல இருந்து வெளிய வர்ற வரிசையில திரும்ப டார்க் பார்த்துட்டு, வால்வு இடைவெளிய பதினஞ்சு தௌக்கு வைங்க.