நடுவானத்தில்தான் கண்டம்: பலூனில் ஹைவோல்டேஜ் அனுப்புவோர் செய்யும் தவறுகள்

வானிலை பலூனில் கைகர் கவுன்டர் (கதிர்வீச்சை எண்ணும் கருவி) கட்டி அனுப்பும் கல்லூரி மாணவர்கள் பெருகிவிட்டார்கள். அதன் ட்யூபுக்கு சுமார் 400 வோல்ட் வேண்டும். பேட்டரியிலிருந்து ஒரு சின்ன சர்க்யூட் அதை உயர்த்திக் கொடுக்கும். மேசை மேல் அருமையாக ஓடும். 25 கிலோமீட்டர் உயரம் தாண்டியதும் சேட்டை தொடங்கும்.

காற்று குறைந்தால் மின்சாரம் பாய வழியில்லை என்று நினைப்பதுதான் மூல தவறு. திருவிழாக் கூட்டத்தில் யாராலும் வேகமெடுத்து ஓட முடியாது. கூட்டம் கலைந்தால் முடியும். எலக்ட்ரானுக்கும் அதே கதைதான். அடர்ந்த காற்றில் அடிக்கடி முட்டி வேகத்தை இழக்கும். காற்று மெலிந்தால் தூரம் ஓடி, வேகமெடுத்து, மோதும் மூலக்கூறிலிருந்து இன்னொரு எலக்ட்ரானைத் தட்டிவிடும். அப்படியே பெருகிப் பொறி பிறக்கும். காற்று இன்னும் மெலிந்தால் மோத ஆளில்லை, மறுபடி பாதுகாப்பு. அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் எண்தான் இதைத் தீர்மானிக்கிறது என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஃப்ரீட்ரிக் பாஷன் 1889-லேயே காட்டிவிட்டார். காற்றில் பொறி பிறக்கத் தேவையான வோல்டேஜின் அடிமட்டம் ஏறக்குறைய 327 வோல்ட்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு சால்டர் முனைகளுக்கு நடுவே 0.6 மில்லிமீட்டர். தரையில் அந்த இடைவெளி 3,000 வோல்ட் வரை தாங்கும். 30 கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தம் 12 மில்லிபார். அதே இடைவெளி சரியாக அந்த அடிமட்டத்தில் போய் உட்காரும். நம்மிடம் இருப்பதோ 400 வோல்ட். இரண்டு மில்லிமீட்டர் விட்டாலும் நிம்மதியில்லை. அரை சென்டிமீட்டராவது விடுங்கள், முனைகளைக் கூராக விடாமல் உருண்டையாகப் பற்றவையுங்கள், சால்டர் வைக்கும்போது படியும் ஃப்ளக்ஸ் பசையைத் துடைத்துவிட்டு மேலே மின்காப்புக் கோட்டிங் அடியுங்கள்.

மலை உயரத்துக்கே தனிக் கணக்கு உண்டு. 2,000 மீட்டர் வரை வழக்கமான காற்று இடைவெளி போதும். 5,000 மீட்டரில் அதை 1.48 மடங்காக்கச் சொல்கிறது ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரம்.

அடுத்தது சோதனையில் வரும் தவறு. ஏசி மெக்கானிக்கிடம் வேக்யூம் பம்ப் வாங்கி, ஜாடியில் போர்டை வைத்து, ஒரே இழுப்பில் அழுத்தத்தை அடிவரை இறக்கிவிட்டு "பாஸ்" என்கிறார்கள். ஆபத்தான இடத்தைச் சில நொடிகளில் தாண்டிவிட்டதால் வந்த பாஸ் அது. பலூனோ அங்கேயே நிதானமாக நகரும். 100, 50, 20, 10 மில்லிபாரில் பம்பை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் ஓட்டுங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் கோளாறான முனையில் ஊதா நிற ஒளிர்வு தெரியும். ஏசி மெக்கானிக்கின் கேஜை (அழுத்தமானியை) மட்டும் நம்பாதீர்கள். இந்த அழுத்தத்தில் அதன் முள் அசைவதே தெரியாது.

போர்டின் மேல் எபாக்ஸி (இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஊற்றிவிட்டால் தீர்ந்தது என்பார்கள். உள்ளே குமிழி இருந்தால் அதுவே பொறிக்கூடு. ஊற்றுவதற்கு முன் கலவையை அதே ஜாடியில் வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். சிலிகான் என்றால் புளித்த வாடை வருவது வேண்டாம், அதன் அமிலம் செம்பை அரிக்கும். பெட்டியை ஹாட் க்ளூவால் அடைப்பதும் அரைகுறை வேலை: காற்று மெல்லக் கசிந்து, உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாத நிலை வரும். தாராளமாகத் துளை போடுங்கள், இல்லையேல் உண்மையாகவே சீல் வையுங்கள்.

கடைசியில் தரவைப் படிப்பதில் வரும் தவறு, எனக்கு மிகவும் பிடித்தது. காஸ்மிக் கதிர் எண்ணிக்கை சுமார் 20 கிலோமீட்டரில் உச்சம் தொட்டு, அதற்கு மேலே குறையும். 28-இல் திடீரென எகிறினால் கண்டுபிடிப்பு என்று துள்ள வேண்டாம், போர்டில் பொறி பறந்திருக்கும். ஹைவோல்டேஜையும் கூடவே பதிவு செய்யுங்கள். ஒரு கிகா ஓம் (நூறு கோடி ஓம்) ரெசிஸ்டர் வழியாக, ஏனென்றால் சாதாரண மல்டிமீட்டரை நேராக வைத்தால் அதுவே வோல்டேஜை இழுத்துவிடும். எண்ணிக்கை ஏறிய அதே கணத்தில் வோல்டேஜ் சரிந்திருந்தால், அந்த எண்கள் விண்வெளியிலிருந்து வந்தவை அல்ல.