டிரம்ஸில் தொடங்கி உபதேசத்தில் முடிகிற சண்டைகள்: பாப்டிஸ்ட் சபைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வருடம் எங்கள் சபையில் டிரம்ஸ் வாங்குவதா வேண்டாமா என்று மூன்று மாதம் பேசினோம். மூப்பர் ஒருவர் பாட்டுகளின் இரைச்சலைக் கண்டிக்கும் ஆமோஸ் தீர்க்கதரிசியைத் திறந்தார். வாலிபர்கள் கருவிகளோடு துதிக்கச் சொல்லும் நூற்றைம்பதாம் சங்கீதத்தைத் திறந்தார்கள். இரு தரப்பும் தனித்தனியாக என் வீட்டுக்கு வந்து, "இது உபதேசக் காரியம் ஐயா, விட்டுக்கொடுக்க முடியாது" என்றது. நானும் நம்பிவிட்டேன். ஆராதனையில் இசைக்கருவிகள் என்று நான்கு வாரம் வேதபாடம் நடத்தினேன். ஐந்தாவது வாரம்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த மூப்பரின் மகன் எட்டு வருடம் கீபோர்டு வாசித்தவன். புதிய பாடகர் குழு அமைத்தபோது அவனிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அந்த இடத்தில் வேறொருவரை உட்காரவைத்திருந்தார்கள். ஆமோஸுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வியாசர்பாடிப் பக்கம் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் போதகராக இருக்கிறேன். நான் பார்த்த சபைச் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். மனக்கசப்பு தன் முகத்தோடு வர வெட்கப்பட்டு, உபதேசத்தின் அங்கியைப் போட்டுக்கொண்டு வரும். இதற்கு மறுபக்கமும் உண்டு. உண்மையாகவே உபதேச வேறுபாடு எழும்போது அதை யாரோ தன்னை அவமதித்ததாக எடுத்துக்கொண்டு சீறுவோம். எது எந்த வகை என்று பார்க்காமல் கூட்டத்தைக் கூட்டுவதுதான் முதல் தவறு. இப்போது யாராவது உபதேசம் என்று சொல்லிக்கொண்டு வந்தால், "எப்போதிலிருந்து இது உங்களை உறுத்துகிறது?" என்று கேட்கிறேன். "வேதத்தில் அப்படித்தானே இருக்கிறது" என்று சொல்பவரோடு வேதத்தைத் திறக்கிறேன். "போன ஈஸ்டரிலிருந்து" என்று சொல்பவருக்குத் தேநீர் போடச் சொல்கிறேன்.

உபதேசம் முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நாங்கள் பாப்டிஸ்டுகள். விசுவாசத்தைத் தன் வாயால் அறிக்கை செய்தவருக்கே ஞானஸ்நானம், அதுவும் முழுக்கு. எங்கள் தொட்டி பிரசங்க மேடைக்கு அடியில் இருக்கிறது. பலகைகளைத் தூக்கி, லாரித் தண்ணீர் வாங்கி நிரப்ப வேண்டும். 2019 கோடையில் சென்னை முழுக்கக் குடத்தோடு அலைந்தபோது ஞானஸ்நான ஆராதனையை இரண்டு முறை தள்ளிவைத்தோம். "இந்த ஒரு தடவை தெளித்தால் ஆகாதா ஐயா?" என்று ஒரு பையன் கேட்டான். ஆகாது என்றேன். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் அந்த உறுதியை எங்கே, யாரிடம், எப்படிக் காட்டுவது என்பதில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. பெரம்பூரில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்து, குழந்தையாக ஞானஸ்நானமும், வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தலும் பெற்ற பெண் ஒருவர் எங்கள் சபைக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தார். முதல் ஞாயிறு, அப்பமும் ரசமும் பகிரும் கர்த்தருடைய பந்தி. அப்பத் தட்டோடு டீக்கன் (சபையின் உதவி ஊழியர்) அவர் இருந்த வரிசைக்கு வந்ததும் நின்று என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். தட்டு அவரைத் தாண்டிப் பக்கத்திலிருந்த கணவருக்குப் போனது. அதன் பிறகு நான்கு வருடம் அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

அன்று நான் காத்த கொள்கை பாப்டிஸ்ட் வரலாற்றில் மதிப்புள்ள ஒன்றுதான். ஆனால் அது ஒன்றே பாப்டிஸ்ட் கொள்கை என்று நினைத்ததுதான் அறியாமை. தண்ணீர் ஞானஸ்நானத்தைப் பற்றிய வேறுபாடு பந்தியில் சேர்வதற்குத் தடையல்ல என்று ஜான் பனியன் 1673-இலேயே எழுதினார். இரட்சணிய யாத்திரிகத்துக்கு மூலமான நூலை எழுதிய அதே பனியன்தான். 1815-இல் இங்கிலாந்தில் ராபர்ட் ஹால் அதே பக்கம் வாதாடினார். அடுத்த ஆண்டே ஜோசப் கிங்கார்ன் அவரை மறுத்து எழுதினார். இருவரும் பாப்டிஸ்ட் போதகர்கள், இருவரும் வேதத்தை வைத்தே பேசினார்கள். முந்நூறு வருடத்துக்கு மேலாகப் பெரியவர்கள் தீர்க்காத ஒன்றை நான் நடைபாதையில் நின்று ஒரு தலையசைப்பில் தீர்த்திருக்கிறேன்.

முழுக்கு பெற்றவருக்கு மட்டுமான மூடிய பந்தியா, மற்ற விசுவாசிகளுக்குமான திறந்த பந்தியா என்பதைச் சபை கூடி முடிவெடுக்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும். அந்த முடிவு இன்னது என்று சபையில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்கும் முன்பே மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும். தட்டு கைக்கு வரும் நேரத்தில் யாரும் அதைக் கற்றுக்கொள்ளக் கூடாது. எங்கள் சபை கடைசியில் மூடிய பந்தியையே வைத்துக்கொண்டது. நானும் அதற்கே கையைத் தூக்கினேன். அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க மட்டும் எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதற்கு எந்த உபதேசக் காரணமும் இல்லை.

அடுத்தது இளம் போதகர்களுக்கு. இப்போது முன்குறித்தல், தெரிந்துகொள்ளுதல் (இரட்சிப்புக்குரியவர்களைத் தேவனே முன்பே தேர்ந்துகொண்டார் என்ற உபதேசம்) என்று இணையத்தில் இரவெல்லாம் பிரசங்கம் கேட்டுவிட்டு, ஞாயிறு காலை அதைச் சபைமேல் இறக்கிவைக்கிற பழக்கம் பரவியிருக்கிறது. கிறிஸ்து எல்லோருக்காகவும் மரித்தாரா, தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காக மரித்தாரா என்ற கேள்வியில் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய பாப்டிஸ்டுகள் இரண்டு கிளையாக நின்றார்கள். 1793-இல் வங்காளத்துக்கு வந்த வில்லியம் கேரி இரண்டாவது கிளையைச் சேர்ந்தவர். அந்தக் கொள்கை அவரைச் சுவிசேஷத்துக்குக் கப்பலேறவிடாமல் தடுக்கவில்லை என்பதை இரு கட்சியினரும் நினைவில் வைக்கலாம். கொள்கை மாறுவது குற்றமல்ல. சபை எந்த விசுவாச அறிக்கையை நம்பி ஒருவரை அழைத்ததோ அதிலிருந்து தான் விலகிவிட்டதைச் சொல்லாமல், வேதபாட வகுப்பில் பத்துப் பேரை மட்டும் தன் பக்கம் சேர்ப்பதே தவறு.

அதோனிராம் ஜட்சனைப் பாருங்கள். 1812-இல் அமெரிக்காவிலிருந்து அவர் புறப்பட்டபோது குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கும் சபையின் மிஷனரி. வங்காளத்தில் கேரியோடு இருந்த செராம்பூர் பாப்டிஸ்டுகளோடு வாதாட வேண்டிவரும் என்று கப்பலிலேயே வேதத்தைப் படிக்கத் தொடங்கினார். படித்ததில் தன் தரப்பே தவறு என்ற முடிவுக்கு வந்து, கல்கத்தாவில் மனைவியோடு முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார். தன்னை அனுப்பிய சங்கத்துக்கு உடனே எழுதி விலகினார். கையில் ஆதரவு இல்லை, கிழக்கிந்தியக் கம்பெனி வேறு துரத்திக்கொண்டிருந்தது. 1813 ஜூனில் இதே சென்னைக்கு வந்திறங்கி, இங்கிருந்து ரங்கூனுக்குக் கப்பலேறினார். எங்கள் வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் நிறைய உண்டு. பர்மிய நூடுல்ஸான அத்தோ விற்கும் கடையைத் தாண்டும் போதெல்லாம் எனக்கு அவருடைய ராஜினாமாக் கடிதம்தான் நினைவுக்கு வருகிறது.

பிரசங்க மேடையிலிருந்து பதில் சொல்வது இன்னொரு தவறு. பெயர் சொல்லமாட்டோம். "சிலர் இருக்கிறார்கள்" என்று தொடங்குவோம். தகர ஷீட் போட்ட, எண்பது நாற்காலி உள்ள ஆலயத்தில் அந்தச் சிலர் யார் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அவரால் எழுந்து மறுமொழி சொல்லவும் முடியாது. போதாக்குறைக்கு, "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாமலும்" என்ற சங்கீத வாக்கியத்தைக் கேடயமாகப் பிடிப்போம். அந்த நூற்றைந்தாம் சங்கீதம் பேசுவது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரைப் பற்றி, அந்நிய தேசங்களில் ஆதரவற்று அலைந்தவர்களைப் பற்றி. கணக்குக் கேட்கும் டீக்கனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவை அபிஷேகம்பண்ணப்பட்டவர் என்று கைபோட மறுத்த தாவீதுகூட, குகையைவிட்டு வெளியே வந்ததும் சவுலின் தவறை அவன் முகத்துக்கு நேரே சொன்னான். அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் நேருக்கு நேர் எதிர்த்தார். பாப்டிஸ்ட் ஒழுங்கில் போதகருக்கும் சபைக் கூட்டத்தில் ஒரு ஓட்டுதான். "ஐயா சொன்னால் சரி" என்று வளர்ந்த நம் மக்கள் இதை மறப்பது இயல்பு. மறக்கட்டும் என்று ஐயா காத்திருப்பது இயல்பல்ல.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காணிக்கையை இருவர் எண்ணட்டும், காசோலையில் இருவர் கையெழுத்திடட்டும். 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான சபை என்றால் ஆண்டுக் கூட்டமும் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் கணக்கும் தவறக் கூடாது. இதை விசுவாசக் குறைவு என்று சொல்பவர்தான் முதலில் கணக்குக் காட்ட வேண்டியவர்.

மொழிச் சண்டை அப்படிச் சுருக்கமாக முடிவதில்லை. வடசென்னையில் தெலுங்கு பேசும் பாப்டிஸ்ட் குடும்பங்கள் பல. 1878 ஜூலை 3 அன்று ஓங்கோல் பக்கத்தில் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கு பெற்றதை நேற்று நடந்ததுபோல் சொல்லும் பாட்டிமார் எங்கள் சபையிலேயே உண்டு. அவர்களுக்கு நாங்கள் ஒதுக்கிய ஆராதனை நேரம் பிற்பகல் இரண்டு மணி. சித்திரை வெயிலில், அதே தகர ஷீட்டின் கீழே. முறையிட்டபோது, "சபை ஒருமைப்பாட்டைக் கெடுக்கிறார்கள்" என்று தமிழ்த் தரப்பு சொன்னது. மறுபடியும் உபதேச அங்கி. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட உணவுப் பந்தியில் விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தபோது, முறுமுறுப்பவர் யார் என்று அப்போஸ்தலர்கள் விசாரிக்கவில்லை. சபையைக் கூட்டினார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட தரப்பின் கையிலேயே பந்தி ஒப்படைக்கப்பட்டது என்றுதான் நான் வாசிக்கிறேன். நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. நேர அட்டவணையைத் தயாரிக்க மூன்று தெலுங்குக் குடும்பத்தாரையும் இரண்டு தமிழரையும் உட்காரவைத்தோம். இப்போது தமிழ் ஆராதனை காலை ஏழு மணிக்கு. முணுமுணுப்பு இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் தூக்கத்தைப் பற்றியது.

இவ்வளவு செய்தும் பிரிவு வரலாம். மாற்குவைக் குறித்துப் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுங்கோபம் மூண்டு ஆளுக்கொரு திசையில் போனார்கள் என்று வேதமே மறைக்காமல் எழுதியிருக்கிறது. அதே மாற்குவைத்தான் பின்னாளில் ஊழியத்தில் பிரயோஜனமுள்ளவன் என்று அழைத்துவரச் சொன்னார் பவுல். பிரிவின்போது நாம் செய்யும் தவறு, அப்படி அழைக்கும் வழியையும் அடைத்துவிடுவது. சபை மாற்றுக் கடிதம் கொடுக்கமாட்டோம். கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்போம். கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்று அறிவிப்போம்.

டிரம்ஸ் விவகாரம் தீர்ந்த சில வருடங்களில் வேறொரு காரணத்துக்காகப் பதினோரு குடும்பங்கள் எங்களைவிட்டுப் பிரிந்து எருக்கஞ்சேரியில் ஒரு வாடகை மாடியில் கூடத் தொடங்கின. எல்லோருக்கும் கடிதம் கொடுத்தோம். கொடுக்கக் கூடாது என்று டீக்கன்மார் கூட்டத்தில் வாதாடியவர்களில் நானும் ஒருவன், தோற்றேன். மாடியில் தொட்டி கட்ட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. சென்ற ஆண்டு அவர்களுடைய போதகர் எனக்குப் போன் செய்து, நான்கு பேருக்கு முழுக்கு கொடுக்க வேண்டும், உங்கள் தொட்டி கிடைக்குமா என்று கேட்டார். சனிக்கிழமை சாயங்காலம் வந்து அவர்களே பலகைகளைத் தூக்கினார்கள். கீபோர்டு வாசித்த அந்தப் பையன்தான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். லாரித் தண்ணீருக்கு நாங்கள் பாதிப் பணம் தருகிறோம் என்றோம், அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை.